தோலுக்கடியில் ஒரு வாயில்

"நரம்பு கிடைக்கவில்லை." மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ளவோ குளூக்கோஸ் ஏற்றிக்கொள்ளவோ படுத்திருந்தவர்கள் இச்சொற்களைக் கேட்டிருப்பீர்கள். செவிலியர் முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டுவார். விரல்களை மடக்கச் சொல்வார். புறங்கையைத் தட்டிப் பார்ப்பார். ஓரிடத்தில் குத்தித் தவறினால் வேறோரிடம் தேடுவார். பேச்சு வழக்கில் 'நரம்பு' என்கிறோமே தவிர, அவர் தேடுவது நரம்பையன்று, சிரையை. உடலெங்குமிருந்து குருதியை இதயத்திற்குத் திரும்பக் கொண்டு செல்லும் இரத்தக் குழாய்களுக்கே சிரைகள் என்று பெயர்.

நமக்கு இத்தொல்லை எப்போதோ ஒரு முறை வருவது. காய்ச்சல் தீர்ந்ததும் மறந்து விடுகிறோம். ஆனால் ஆண்டுக்குச் சில முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு வார காலம், சிரை வழியே மருந்து ஏற்றிக்கொள்ள நேரும் பிறவி நோய் ஒன்று உண்டு. அதன் பெயர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். இந்நோய் உடையவர்களிடம் மருத்துவர் ஒரு நாள் கேட்கக்கூடும்: "மார்பில் ஒரு போர்ட் வைத்து விடலாமா?"

போர்ட் என்பதற்கு இங்கே வாயில் என்று பொருள். நம் ஊர்களில் புற்றுநோய் மருத்துவம் பெறுவோர் 'கீமோ போர்ட்' என்று சொல்வதும் இதே கருவியைத்தான். அதை வைத்துக்கொள்வதா, வேண்டாமா என்று எப்படி முடிவு செய்வது? இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

நோயின் தன்மை

1938ஆம் ஆண்டில் நியூயார்க் நகரைச் சேர்ந்த டாரதி ஆண்டர்சன் என்னும் பெண் மருத்துவர், இறந்த குழந்தைகள் சிலரின் கணையத்தில் நீர்க்கட்டிகளும் நார்த் தழும்புகளும் இருப்பதை ஆராய்ந்து இந்நோயை விளக்கினார். நோயின் ஆங்கிலப் பெயருக்கும் அதுவே பொருள். பின்னர் இது கணையத்தோடு நிற்பதில்லை என்பது தெரிய வந்தது. 1948இல் நியூயார்க்கில் கடும் வெப்பம் நிலவியபோது, இக்குழந்தைகள் மற்றவர்களைவிட எளிதில் சோர்ந்து விழுந்தனர். இதனைக் கவனித்த பால் டி சான்ட் அக்னேசே என்ற மருத்துவர், அவர்களுடைய வியர்வையில் உப்பு மிகுதியாக வெளியேறுவதைக் கண்டறிந்தார். இன்றும் இந்நோயை உறுதி செய்யும் முதன்மைச் சோதனை வியர்வையில் உள்ள உப்பை அளப்பதுதான்.

உப்புக்கும் இந்நோய்க்கும் என்ன தொடர்பு? நம் செல்களின் சவ்வில் உப்பின் ஒரு பகுதியான குளோரைடு வந்து போக ஒரு புரத மதகு உள்ளது. அந்த மதகைச் செய்வதற்கான ஆணை 7ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் எழுதப்பட்டுள்ளது. 1989இல் இது கண்டுபிடிக்கப்பட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெற்ற குழந்தைக்கே நோய் வரும். பெற்றோர் இருவரும் ஒவ்வொரு பழுதான மரபணுவைச் சுமப்பவர்களானால், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

மதகு சரியாகத் திறக்காவிட்டால் உப்பும், அதைத் தொடரும் நீரும் போதிய அளவில் வெளிவருவதில்லை. ஆகவே நுரையீரலின் மூச்சுக் குழல்களில் நீர்த்திருக்க வேண்டிய சளி பசைபோல் இறுகி விடுகிறது. இறுகிய சளி கிருமிகளுக்கு நல்ல குடியிருப்பு.

ஐரோப்பிய வழியினரிடையே இந்நோய் மிகுதி. எனவே இதைப் பற்றிய ஆராய்ச்சியும் மருத்துவமும் பெரும்பாலும் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளிலேயே வளர்ந்தன. இந்தியாவில் இது கிடையாது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது, அது சரியன்று. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, தில்லி எய்ம்ஸ் போன்ற இடங்களில் இந்நோயுள்ள குழந்தைகள் கண்டறியப்பட்டு மருத்துவம் பெற்று வருகின்றனர்.

மாத்திரை போதாதா?

சளியில் குடியேறும் கிருமிகளுள் சூடோமோனாஸ் என்பது மிகவும் பிடிவாதமானது. தன்னைச் சுற்றி ஒரு வழவழப்பான கூட்டைக் கட்டிக்கொண்டு மருந்துக்குத் தப்பும். அதனை ஒடுக்கும் டோப்ராமைசின் போன்ற மருந்துகளைக் குடல் உறிஞ்சிக் கொள்வதில்லை. விழுங்கினால் பயன் இராது. மூச்சோடு உள்ளிழுக்கும் வகை 1997 முதல் அமெரிக்காவில் புழக்கத்தில் உள்ளது. நாள்தோறும் நோயை அடக்கி வைக்க அது உதவும். ஆனால் இருமல் கூடி, எடை குறைந்து, மூச்சு வாங்கும் அளவுக்கு நோய் முற்றும்போது, சிரை வழியே இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஏற்றுவதே பெரும்பாலும் வழக்கம். 10 நாள் முதல் 21 நாள் வரை இது நீடிக்கும்.

கையில் உள்ள சிரைகள் மெல்லியவை. அவற்றில் குருதியும் மெதுவாகவே ஓடும். ஒரு குடம் சாயத்தைச் சிறு வாய்க்காலில் ஊற்றினால் அதன் கரை முழுதும் கறைபடும். பெருக்கெடுத்தோடும் ஆற்றில் ஊற்றினால் சுவடே தெரியாது. மருந்தும் அப்படித்தான். கைச் சிரையின் உட்சுவர் மருந்தின் எரிச்சலால் புண்பட்டு வீங்குகிறது. 'வென்ஃப்ளான்' என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் சிறு குழாய் மூன்று நான்கு நாட்களில் பயனற்றுப் போகிறது. வேறிடத்தில் குத்த வேண்டும். பல ஆண்டுகள் இப்படிச் சென்றால் சிரைகள் தழும்பேறி அடைபடுகின்றன. போன சிரை திரும்பி வருவதில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். பின்னர் நாம் போடப்போகும் கணக்கு முழுவதும் இதனை ஒட்டியதே.

இதயம் வரை ஒரு குழாய்

ஆற்றில் ஊற்றுவதே நல்லது என்றால், உடலின் ஆறு எது? தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் வரும் குருதி யாவும் ஒன்று கூடி இதயத்தில் இறங்கும் மேற்பெருஞ்சிரையே அது. வளர்ந்தவர்களில் அதன் வழியே நிமிடத்திற்கு ஏறத்தாழ 2 லிட்டர் குருதி பாய்கிறது. அங்கே விழும் மருந்து நொடியில் நீர்த்து விடும்.

அவ்விடத்தை எட்ட முடியும் என்பதை 1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்னும் இளம் மருத்துவர் தம் உடலிலேயே மெய்ப்பித்தார். கைச் சிரை வழியே ஒரு மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்று படமும் எடுத்துக்கொண்டார்! 1956இல் இதற்காக நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

1970களில் நெடுநாள் உள்ளே இருக்கத்தக்க பிராவியாக், ஹிக்மன் குழாய்கள் வந்தன. இவற்றின் ஒரு முனை மார்புக்கு வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். வெளியே தொங்குவது கிருமிக்குப் பாதை. குளிக்கவும் ஓடியாடவும் தடை. முழுவதையும் தோலுக்கடியிலேயே புதைத்து விட்டால் என்ன என்ற எண்ணத்தின் விளைவே போர்ட். புற்றுநோயாளிகளுக்காக ஆக்கப்பட்ட இதனைப் பற்றி 1982இல் நீடர்ஹூபர் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும் எழுதினர். விரைவிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளுக்கும் இது பயன்படலாயிற்று.

கருவியின் அமைப்பு

ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய, தடித்த பொத்தான் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் உடல் டைட்டேனிய உலோகத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆனது. நடுவே சிறு குழி. குழியின் வாயைச் சிலிக்கோன் ரப்பர் தகடு ஒன்று மூடியிருக்கும். குழியிலிருந்து புறப்படும் மெல்லிய குழாய் கழுத்துக்கோ தோளுக்கோ அருகில் உள்ள சிரையில் நுழைந்து, மேற்பெருஞ்சிரையும் இதயமும் கூடுமிடத்தில் முடியும். பொத்தான் காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் பதிக்கப்படும். பெரியவர்களுக்கு அவ்விடத்தை மரத்துப்போகச் செய்து, தூக்க மருந்து கொடுத்தால் பெரும்பாலும் போதும். குழந்தைகளுக்கு முழு மயக்கம் தருவர். பொதுவாக ஒரு மணி நேரத்திற்குள் முடிந்து விடும் வேலை.

மருந்து ஏற்ற வேண்டியபோது தோலின் மேலாக ரப்பர் தகட்டில் ஊசி குத்தப்படும். இதற்குச் சாதாரண ஊசி ஆகாது. அது ரப்பரில் ஒரு சிறு துண்டைச் செதுக்கி எடுத்து விடும், ஓட்டை விழும். ஹூபர் ஊசி என்னும் தனி வகை ஊசியின் முனை வளைந்திருப்பதால் ரப்பரைச் செதுக்காமல் விலக்கிக்கொண்டு நுழைகிறது. ஊசியை எடுத்ததும் ரப்பர் மீண்டும் கூடிக்கொள்கிறது. இவ்வாறு ஆயிரம் முறைக்கு மேல் குத்தினாலும் தகடு தாங்கும். ஒரு முறை குத்திய ஊசியை ஏழு நாட்கள் வரை வைத்திருக்கலாம். குத்துவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மரத்துப்போகும் களிம்பைத் தடவினால் வலியும் குறையும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. போர்ட்டில் 10 மில்லி லிட்டருக்குக் குறைந்த சிரிஞ்சைப் பயன்படுத்தலாகாது என்பர். சிறிய சிரிஞ்சில் மருந்து குறைவுதானே, அதனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்து வருவது எனப் பள்ளியில் படித்திருப்பீர்கள். சிரிஞ்சு ஒல்லியாக ஆக, அதே விரல் விசை பல மடங்கு அழுத்தமாக மாறுகிறது. அடைப்பு இருந்தால் உள்ளே குழாயே கிழிந்து விடக்கூடும்.

குத்துகளின் கணக்கு

இப்போது முடிவெடுக்கும் பகுதிக்கு வருவோம். "போர்ட் வைத்தால் குத்து குறையும்" என்பதே பலரும் எதிர்பார்ப்பது. உண்மையா என்று கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஒருவருக்கு ஆண்டுக்கு நான்கு முறை, 14 நாட்கள் வீதம் மருந்து ஏற்ற வேண்டியிருக்கிறது என்க. வென்ஃப்ளானை மூன்று நாட்களுக்கு ஒரு முறை மாற்றினால் ஒரு தவணைக்கு ஐந்து, ஆண்டுக்கு 20. போர்ட்டில் வாரம் ஓர் ஊசி வீதம் தவணைக்கு இரண்டு, ஆண்டுக்கு எட்டு. ஆனால் பயன்படுத்தாத காலத்திலும் போர்ட்டைச் சும்மா விட முடியாது. உள்ளே குருதி உறைந்து அடைத்துக்கொள்ளாதபடி, நான்கு வாரங்களுக்கு ஒரு முறை ஊசி குத்தி உப்பு நீரையும், உறைவைத் தடுக்கும் ஹெப்பாரினையும் செலுத்துவது வழக்கம். மருந்தேற்றும் நான்கு தவணைகளைக் கழித்தால் ஒன்பது முறை எஞ்சும். ஆக மொத்தம் 17. இருபதுக்கும் பதினேழுக்கும் பெரிய வேறுபாடு இல்லை!

ஆண்டுக்கு ஒரே தவணைதான் என்றால்? வென்ஃப்ளான் ஐந்து போதும். போர்ட்டுக்கோ மருந்துக்கு இரண்டு, பராமரிப்புக்குப் பன்னிரண்டு என 14 குத்துகள்! சில மருத்துவமனைகள் பராமரிப்பு இடைவெளியை மூன்று மாதம் வரை நீட்டுகின்றன. அங்கே இந்த எண் குறையும். எனினும் ஆண்டுக்கு ஒரு முறை திறப்பதற்காக ஆண்டு முழுவதும் காவல் காக்கும் வாயிலாகவே அது இருக்கும்.

அப்படியானால் போர்ட்டின் நன்மை எதில் உள்ளது? எண்ணிக்கையில் அன்று; உறுதியில்தான். சிரைகள் கெட்டுப்போனவருக்கு ஒரு வென்ஃப்ளான் என்பது ஒரு குத்து அன்று. மூன்று நான்கு குத்தாகவும் ஆகலாம். இருபது என்ற எண் அறுபதாகி விடும். போர்ட்டிலோ குத்தும் இடம் எப்போதும் ஒன்றே, தேடல் இல்லை. இரு கைகளும் விடுபட்டிருப்பதால் நோயாளியே வீட்டில் மருந்து ஏற்றிக்கொள்ளலாம். பள்ளிக்கும் வேலைக்கும் செல்லலாம். மருந்து தொடங்க வேண்டிய நாளை ஊசிக்கு அஞ்சித் தள்ளிப் போடுவதும் நின்று விடும். இந்தத் தள்ளிப்போடலின் விலையைக் கொடுப்பது நுரையீரல்.

இடைப்பட்ட வழியும் ஒன்று உண்டு. மேற்கையின் சிரை வழியே நீண்ட குழாயை இதயத்தின் அருகில் கொண்டு சேர்க்கும் 'பிக்' குழாய் அது. ஒரு தவணை முடியும் வரை தாங்கும். முடிந்ததும் எடுத்து விடலாம். எப்போதோ மருந்து தேவைப்படுபவருக்கு இது ஏற்றது. ஆனால் திரும்பத் திரும்ப வைத்தால் மேற்கைச் சிரைகளில் உறைவு ஏற்பட்டு அவை சுருங்கக்கூடும். எனவே ஆண்டுதோறும் பலமுறை 'பிக்' வைத்துக்கொள்பவர், சிரைகள் நன்றாக இருக்கும்போதே போர்ட்டைப் பற்றிச் சிந்திப்பது நல்லது.

தீங்குகள்

வாயில் என்றால் அதன் வழியே கிருமியும் வரலாம். 2006இல் வெளியான, 200 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்றின்படி, நெடுநாள் குழாய்களுள் இரத்தத்தில் கிருமித் தொற்று மிகக் குறைவாக ஏற்படுவது போர்ட்டில்தான்: ஆயிரம் நாட்களுக்கு 0.1 வீதம். இது குறைவே. ஆனால் போர்ட் ஆண்டுக்கணக்கில் உள்ளே இருப்பது என்பதை மறக்கக் கூடாது. தொற்று ஏற்பட்டால் போர்ட்டையே எடுத்து விட நேரிடும். போர்ட்டில் மருந்தேற்றிய சிறிது நேரத்தில் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால், மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாவது, குழாயைச் சுற்றிக் குருதி உறைதல். கை, கழுத்து, முகம் வீங்கினால் இதனை ஐயுற வேண்டும். இதனால் அடைபடுவது பெருஞ்சிரை. கைச் சிரையை இழப்பதைவிட இது பெரிய இழப்பு. சிரைகளைக் காக்க வைத்த கருவியே ஒரு சிரையைக் கெடுக்கக்கூடும் என்பதால்தான், தேவையின்றிப் போர்ட் வைப்பதை மருத்துவர்கள் விரும்புவதில்லை.

மூன்றாவது, வைக்கும்போது நேரும் தீங்கு. இந்நோயில் நுரையீரல் காற்றால் உப்பியிருக்கும். அதன் உச்சி காறை எலும்பின் அருகில் உள்ளது. ஊசி தவறி அதில் பட்டால் மார்புக் கூட்டில் காற்று புகுந்து நுரையீரல் சுருங்கும். அல்ட்ராசவுண்டில் சிரையைப் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்துவது இந்த ஆபத்தைக் குறைக்கிறது. நுரையீரல் நல்ல நிலையில் உள்ள நாளைத் தேர்ந்தெடுப்பதும் நன்று.

எந்த இடம்?

இடத்தைத் தேர்வதில் நோயாளியும் பேச வேண்டும். சளியை வெளியேற்ற நாள்தோறும் மார்பைத் தட்டும் பயிற்சியோ, அதிரும் சட்டையோ பயன்படுத்துபவருக்குத் தட்டு விழாத இடம் வேண்டும். நம் நாட்டில் கார் ஓட்டுபவருக்கு இருக்கைப் பட்டை வலத் தோளின் மேல் வரும். அது உரசாத இடம் வேண்டும். தானே ஊசி குத்திக்கொள்ள விரும்புபவருக்குக் கை எட்டும் இடம், கண் காணும் இடம் வேண்டும். பெண்கள் உள்ளாடையின் பட்டை படும் இடத்தை முன்கூட்டியே குறித்துக் காட்டலாம். ஊசி இல்லாதபோது நீந்தலாம், குளிக்கலாம். மார்பில் மோதும் விளையாட்டுகளில் மட்டும் கவனம் தேவை.

மாறிய காலம்

இந்தக் கணக்கை அண்மைக் காலம் பெரிதும் மாற்றியுள்ளது. பழுதான புரத மதகையே ஓரளவு சீர்செய்யும் மாத்திரைகள் வந்து விட்டன. இவ்வகையில் முதலாவதான ஐவகாஃப்டர் 2012இலும், மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரை 2019இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. கூட்டு மாத்திரையை எடுத்துக்கொள்பவர்களில் பலருக்கு நோய் முற்றுவதும் சிரை வழி மருந்தும் வெகுவாகக் குறைந்தன. ஆண்டுகளாகப் போர்ட்டுடன் வாழ்ந்தவர்கள் சிலர் அதனை எடுத்து விடலாமா என்று கேட்கும் நிலை வந்தது.

ஆனால் எல்லோருக்கும் இந்த விடிவு இல்லை. சிலரது மரபணுப் பழுதுக்கு இம்மாத்திரை பயன்படாது. விலையும் பெருந்தடை, 2019இல் அமெரிக்காவில் இதன் பட்டியல் விலை ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். மாத்திரை எட்டாதவருக்குப் பழைய கணக்கே இன்றும் கணக்கு.

கேட்க வேண்டியவை

ஆகவே, "நோய் அவ்வளவு முற்றி விட்டதா?" என்று கலங்குவதால் பயனில்லை. போர்ட் நோயின் அளவைக் காட்டும் முத்திரையன்று. மருந்து செல்லும் வழி மட்டுமே. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. சென்ற இரண்டு ஆண்டுகளில் எத்தனை முறை மருந்து ஏற்ற நேர்ந்தது? இனி அது கூடுமா, குறையுமா? ஒவ்வொரு முறையும் சிரை கிடைக்க எத்தனை குத்து ஆயிற்று? முன்பு எங்கேனும் குருதி உறைந்ததுண்டா? மாதந்தோறும் போர்ட்டைக் கழுவ யார் இருக்கிறார், எவ்வளவு தொலைவில்? அந்த மருத்துவமனையில் ஹூபர் ஊசியும், அதனைப் பயன்படுத்தத் தெரிந்தவரும் உண்டா?

நோயாளி குழந்தையானால், அதனிடமும் கேளுங்கள். எட்டு வயதுக் குழந்தைக்குப் பெருஞ்சிரையைப் பற்றித் தெரியாது. ஆனால் எந்தக் கையில் குத்தினால் எவ்வளவு வலித்தது, சட்டையைக் கழற்றும்போது தோழர்கள் பார்ப்பார்களோ என்ற கூச்சம் எவ்வளவு என்பதெல்லாம் அதற்குத்தான் தெரியும். இன்று வேண்டாம் என்று முடிவு செய்தால் அடுத்த ஆண்டு மீண்டும் கேட்கலாம். இன்று வைத்தது பின்னர் வேண்டாமற்போனால் சிறு அறுவையில் எடுத்தும் விடலாம். எதுவாயினும், கையில் குத்த இனி இடமே இல்லை என்ற நாள் வரை காத்திராமல், ஓரிரு நல்ல சிரைகள் எஞ்சியிருக்கும்போதே அமைதியாக உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு இது.